கேடு வராமல் காத்தவர்

அவர் ஷூவைக் கழற்றினால் வராந்தாவின் மறுகோடி வரைக்கும் வாடை வரும். நைலான் சாக்ஸ் போடுவார். வாரத் தொடக்கத்தில் போட்டதை வாரக் கடைசி வரைக்கும் கழுவமாட்டார். அந்தக் காலோடுதான் கம்ப்யூட்டர் அறைக்குள் போவார். வேறு யாரும் செருப்போடு உள்ளே கால்வைத்துவிடக் கூடாது என்று கதவுப் பக்கத்தில் நின்று காவல் காத்ததும் அவரேதான்.

"செருப்பு, செருப்பு! வெளியே போடும் வே. சர்க்கார் முதலாக்கும் உள்ளே இருக்கது."

நான் அந்த ஆபீசில் தூத்துத் துடைக்கிற வேலையில் இருந்தேன். மலையாளத்து ஊர். பழவங்காடிப் பிள்ளையார் கோயிலிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் ஒரு சந்து, அதில் பழைய ஓட்டு மாடிக் கட்டிடம். தொழிலாளிகளுடைய பெயர், வயது, வேலை பார்த்த காலம் எல்லாம் அங்கே ஃபைலில் இருக்கும். பென்சனுக்கோ மற்ற உதவிகளுக்கோ அலைகிறவர்கள் வந்து கேட்டால் ஃபைலைத் தேடி எடுத்து ஒத்துப்பார்த்துச் சொல்லவேண்டும். தேடி எடுப்பதற்குள் வந்தவருடைய உயிர் பாதி போய்விடும். மூட்டை மூட்டையாகக் கட்டிப் போட்டிருந்த காகிதத்தில் யாருடையது எங்கே என்று அந்த மூட்டைகளுக்கே தெரியாது. அதற்காகத்தான் கம்ப்யூட்டர் வந்தது. பெயரை அடித்தால் உடனே ஆளுடைய விவரம் வந்து நிற்குமாம். அப்படித்தான் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். தொண்ணூறுகள் முடிகிற சமயம் அது.

அவர் அங்கே சூப்பரண்டு. எங்கள் நாஞ்சில் நாட்டுப் பக்கத்து ஆள்தான். பெயரை எழுத எனக்கு மனது வரவில்லை. அவர் வீட்டுக்காரி நல்ல மனுஷி, பிள்ளைகள் இருக்கிறார்கள். எனக்கு அந்த வேலை கிடைத்ததிலும் அவருடைய ஒரு வார்த்தை இருந்தது. அதை அவரும் மறக்கவில்லை, என்னையும் மறக்கவிடவில்லை. புதிதாக யார் வந்தாலும் என்னைக் கைகாட்டி, "நம்ம ஊர்க்காரியாக்கும். நான்தான் ஏத்திவிட்டேன்" என்பார். நான் சேலைத்தலைப்பை இழுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவேன்.

கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னாலேயே அவருடைய குணம் எனக்குத் தெரியும். ஒரு பொருள் புதிதாக வந்தால் அவர் முகத்தில் சந்தோஷம் வராது, கலவரம்தான் வரும். குடிதண்ணீர் சுத்தம்செய்கிற ஸ்டீல் பாத்திரம் ஒன்று ஆபீசுக்கு வந்தது. பெட்டியைப் பிரித்துப் பார்த்தார், தடவினார், மறுபடி பெட்டிக்குள் வைத்து அலமாரியில் பூட்டிவிட்டார். நாங்கள் பழைய மண்பானையில் மொண்டு குடித்துக்கொண்டிருந்தோம். அடியில் பாசி வழுக்கும். நான் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவேன், போகாது. பியூன் தங்கப்பன் ஒருநாள் கேட்டே விட்டார்.

"சாரே, ஆ ஸ்டீல் பாத்திரத்தை எப்போ எடுக்கும்? எனக்கு வயிறு கடிச்சிட்டு முடியல்ல."

"எடுக்கலாம் டேய். எடுத்து அது கேடாச்சுன்னா யாரு சமாதானம் சொல்லும்? நீ சொல்லுவியா?"

"கேடாகாமே அதை வச்சிட்டு என்ன செய்யும்?"

"ஒண்ணும் செய்யாண்டாம். இருந்தாப் போரும். கேட்டியா தங்கப்பா, நான் இந்த சர்வீசில எத்தனையோ பேரைப் பாத்தாச்சு. சாமானைக் கேடாக்கினதுக்கு மெமோ வாங்கினவன் உண்டு. உபயோகிக்காம வச்சிருந்ததுக்கு மெமோ வாங்கினவன் ஒருத்தனைக் காட்டு பாக்கட்டும்."

தங்கப்பன் யோசித்துப் பார்த்தார். அப்படி ஒருவரும் இல்லை. அதற்குப் பிறகு அவர் வீட்டிலிருந்து குப்பியில் தண்ணீர் கொண்டுவர ஆரம்பித்தார்.

சாருடைய நாற்காலி புதிதாக வந்தபோது சுற்றியிருந்த பாலிதீன் தாளை எடுக்கவிடவில்லை. அதன்மேலேயே உட்கார்ந்தார். இந்த ஊர்ப் புழுக்கத்தில் முதுகு நனைந்து அந்தத் தாளோடு ஒட்டிக்கொள்ளும். எழுந்திருக்கும்போது பிளாஸ்திரி உரிக்கிற மாதிரி சத்தம் வரும். சாயந்திரம் அந்த வியர்வையைத் துடைப்பது என் வேலை. கைவைக்கிற இடத்தில் மஞ்சளாக ஒரு பிசுக்கு ஏறியிருக்கும். சோப்புத் தண்ணீரில் துணியை முக்கி, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு துடைப்பேன்.

மேசைக்கு அடியில் இன்னும் மோசம். பேசிக்கொண்டே மூக்கை நோண்டுவார், விரலைப் பலகைக்கு அடியில் தேய்ப்பார். வெற்றிலை போட்ட பிறகு மிச்சச் சுண்ணாம்பையும் அங்கேதான் தேய்ப்பார். ஃபைலைப் புரட்ட நாக்கில் விரலைத் தொட்டுத் தொட்டு, எங்கள் ஆபீஸ் ஃபைல்களின் ஓரமெல்லாம் அவருடைய எச்சில் காய்ந்து சிவந்திருக்கும். இதை எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஆனால் சாமானுக்கு அழுக்குப் படக்கூடாது என்று ஊரையெல்லாம் விரட்டிய மனிதரைப் பற்றி எழுதும்போது இதை விட்டுவிட்டால் பாதி ஆள்தான் வருவார்.

கம்ப்யூட்டருக்கென்று மூலையிலிருந்த ரெக்கார்டு அறையை ஒழித்தார்கள். ஜன்னலை அடைத்துக் கண்ணாடி போட்டார்கள், ஏசி வைத்தார்கள், தரையில் பச்சை விரிப்பு ஒட்டினார்கள். அங்கே கிடந்த ஃபைல் மூட்டைகளை வராந்தாவில் தள்ளினார்கள். மழைச்சாரல் அடித்து அவை நனைந்தன. பெட்டி பெட்டியாகக் கம்ப்யூட்டர் வந்து இறங்கிய அன்று சார் வீட்டிலிருந்து வெள்ளைத்துணி உறைகள் கொண்டுவந்தார். அவர் வீட்டுக்காரி பழைய வேட்டிகளை வெட்டித் தைத்தது. ஒவ்வொன்றையும் அவரே போர்த்தினார், சுருக்கத்தை நீவிவிட்டார். கதவைத் திறந்தால் குளிர்ந்த காற்று, வெள்ளைத்துணி மூடிய உருவங்கள் வரிசையாக, கூடவே அவருடைய கால் வாடை.

தங்கப்பன் எட்டிப்பார்த்துவிட்டு வந்து என்னிடம் சொன்னார்: "அக்கா, மெடிக்கல் காலேஜ் மார்ச்சுவரி போல உண்டு."

அன்று முதல் அதற்கு அந்தப் பெயரே நின்றுவிட்டது. "சார் எவிடே?" என்று யாராவது கேட்டால், "மார்ச்சுவரியில். பாடி பாக்கப் போயிருக்கு" என்பார் தங்கப்பன். சாருக்கும் அது காதில் விழும். கோபப்படமாட்டார். பாதுகாப்பாக இருக்கிறது என்றுதானே அதற்கு அர்த்தம்.

ஆபீசுக்கு எங்கிருந்து பயிற்சிக்கு ஆள் கேட்டாலும் அவர் பெயர்தான் போகும். கோவளத்தில் ஒன்று, எர்ணாகுளத்தில் ஒன்று, மூணாறில்கூட ஒன்று. இளம் கிளார்க்குகள் கேட்டால், "உங்களுக்கு இன்னும் சர்வீஸ் கெடக்குல்லா, பிறகு போகலாம்" என்பார். போய்வந்த மறுநாள் எல்லோரையும் கூட்டி வைத்துச் சொல்வார். கம்ப்யூட்டரைப் பற்றி அல்ல.

"நெய்மீன் வறுத்தது, கேட்டேளா, உள்ளங்கை வலுப்பம். பிறகு பாலடைப் பிரதமன். வேணும்னா இன்னொருக்க கேட்டு வாங்கலாம். ஒருத்தனும் முகம் கோணாது."

"கிளாசில் என்ன பறைஞ்சு, சாரே?" என்று யாராவது கேட்டால், "அதெல்லாம் மேல்மட்டத்துக் காரியம், உனக்கு மனசிலாகாது" என்பார். அவர்கள் கொடுக்கிற பை, பேனா எல்லாம் வீட்டுக்குப் போகும். சர்ட்டிபிக்கேட்டுகளை மட்டும் பிளாஸ்டிக் ஒட்டிச் சுவரில் மாட்டுவார். நான் வாரம் ஒருமுறை அதில் தூசி தட்டுவேன்.

மத்தியானச் சாப்பாட்டை அவர் அந்த அறைக்குள் கொண்டுபோய்ச் சாப்பிட ஆரம்பித்தது எப்போது என்று சரியாக ஞாபகம் இல்லை. முதலில் கோடைக்காலத்தில்தான். "வெளியே சூடு தாங்கல்ல" என்று டிபன் கேரியரோடு உள்ளே போவார், தாழ் போட்டுக்கொள்வார். பிறகு மழைக்காலத்திலும் அதுவே பழக்கமாயிற்று. சாளைமீன் குழம்பு, கூட ஒரு கறி, மோர். சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, ஒரு கம்ப்யூட்டர் மேசையைச் சாப்பாட்டு மேசையாக்கிக்கொள்வார். சாப்பிட்டதும் பச்சை விரிப்பில் ஒரு தூக்கம். நான் உள்ளே துடைக்கப் போகும்போது மீன்முள் கிடக்கும், ஈரமாகத் தலைமுடி ஒட்டியிருக்கும், விரிப்பில் அவர் படுத்த இடம் எண்ணெய்க் கறையாக ஓர் ஆள் உருவத்தில் இருக்கும். ஒருமுறை வீட்டுக்குப் போகிறவரை கெடாமல் இருக்கட்டும் என்று ஒரு பலாப்பழத்தைக் கொண்டுவந்து அந்தக் குளிரில் வைத்தார். மறுநாள் எடுக்க மறந்துவிட்டார். அந்த வாடையும் கால் வாடையும் சேர்ந்து வந்தது. வெளியே வராந்தாவில் வயசாளிகள் ஃபைல் கிடைக்குமா என்று வியர்த்து ஒழுகி உட்கார்ந்திருப்பார்கள். கதவு திறக்கும்போது வரும் குளிர்காற்றுக்காக முகத்தைத் திருப்புவார்கள். பிறகு மூக்கைப் பொத்திக்கொள்வார்கள்.

அந்தச் சமயத்தில்தான் எஸ்தர் வந்தாள்.

பொன்முடிப் பக்கத்து எஸ்டேட் லயத்து வரிசைவீட்டுப் பிள்ளை. அப்பனும் அம்மையும் தேயிலைக் காட்டில் வேலை. தாத்தா காலத்தில் திருநெல்வேலியிலிருந்து மலை ஏறினவர்கள். நெடுமங்காட்டில் வாடகைக்கு ஒரு கட்டில் பிடித்துத் தங்கி கம்ப்யூட்டர் படித்திருந்தாள். ஃபைல்களையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றுவதற்காகத் தற்காலிகமாக எடுத்த ஆள் அவள். தலைமை ஆபீசிலிருந்து வந்து பார்ப்பார்கள், வேலை நடந்திருந்தால் அவளைத் தொடர்ந்து வைத்துக்கொள்வார்கள், இல்லாவிட்டால் அதோடு சரி. இதை முதல்நாளே சார் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்.

என்னோடு அவள் தமிழில் பேசினாள். அந்த ஆபீசில் எனக்கும் அது ஆறுதலாக இருந்தது. மத்தியானம் மாடிப்படியில் உட்கார்ந்து சாப்பிடுவோம்.

"எஸ்டேட்ல இப்போ கொழுந்து கம்மி அக்கா. கூப்பிடுத அன்னைக்குத்தான் வேலை. அப்பாவுக்கு நெஞ்சுல சளி கட்டி மலை ஏற முடியலை. இந்த வேலை நிலைச்சுட்டா அவங்களைக் கீழே கூட்டிட்டு வந்துரலாம். இங்க கரமனைப் பக்கம் ஒரு சின்ன வீடு பாத்து வச்சிருக்கேன். வெளியில நின்னுதான் பாத்தேன்."

"உனக்கு நிலைக்கும் பிள்ளே" என்றேன். வேறென்ன சொல்வது?

ஆனால் சார் அவளை உள்ளே விடவேண்டாமா! காலையில் வந்து மூடிய கதவு முன்னால் நிற்பாள். "கரண்டு ஆடிட்டு இருக்கு, இப்போ ஆன் பண்ணப்பிடாது" என்பார். கரண்டு நன்றாக இருந்தால், "இன்னா இடி வரப்போவுது, பிளக்கை ஊரி வச்சிருக்கேன்" என்பார். துலாமாச மழை, நம் ஐப்பசி மழை, நெருங்குகிற காலம், இந்த ஊரில் மத்தியானத்துக்குப் பிறகு தினமும் இடிக்கும். அவருக்குக் காலையிலேயே இடி கேட்டுவிடும். சும்மா இருக்கிறாளே என்று ஃபைலுக்கு அட்டை ஒட்டச் சொன்னார். அவருடைய தங்கச்சி மகள் கல்யாணத்துக்குக் கவர்களில் விலாசம் எழுதச் சொன்னார். டீ வாங்கி வரச் சொன்னார். எல்லாம் செய்தாள். செய்துவிட்டு மறுபடி வந்து கதவு முன்னால் நிற்பாள்.

ஒருநாள் விட்டார். அவருக்கு நல்ல புத்தி வந்த நாள் என்று தங்கப்பன் சொன்னார். நான் தரையைத் துடைக்கிற சாக்கில் உள்ளே இருந்தேன். உறையை அவரே எடுத்தார், நான்காக மடித்தார், மேலே கைக்குட்டையை விரித்தார். எஸ்தர் உட்கார்ந்து அடிக்க ஆரம்பித்தாள். மழை தகரத்தில் விழுகிற மாதிரி சத்தம் கேட்டது. சார் துடித்துப் போய்விட்டார்.

"பைய, பைய! என்னட்டி இது, முறத்துல பொடைக்க மாதிரி. கோழிக்குஞ்சைத் தொடுவேல்லா, அந்த மாதிரி தொடு."

"இப்படித்தான் சார் அடிக்கணும். வேகமா அடிச்சாத்தான் நிறைய ஏத்த முடியும்."

"நெறைய ஏத்தி அதுக்குத் தாங்காம ஆச்சுன்னா? நாலு அடி அடிச்சா கொஞ்சம் ஆற விடு."

அவள் ஒரு எழுத்தை அடித்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார். அடுத்த எழுத்தை அடித்தாள். ஒரு கிழவருடைய பெயர் ஏறுவதற்குள் சாருடைய நெற்றியிலிருந்து வியர்வை, ஏசி ஓடும்போதே, அவள் தோளில் சொட்டியது. அவள் அசையவில்லை. நான் துணியைப் பிழிகிற மாதிரி குனிந்துகொண்டேன். அப்புறம் அவர் பசிக்கிறது என்று கேரியரைத் திறந்தார், அவளை வெளியே போகச் சொன்னார். மத்தியானம் இடித்தது. அன்றைய கதை அதோடு முடிந்தது.

நவராத்திரி வந்தது. இந்த ஊரில் அஷ்டமி சாயந்திரம் புத்தகத்தையும் ஆயுதத்தையும் பூஜைக்கு வைத்தால் தசமி காலையில் எடுக்கிறவரை யாரும் தொடமாட்டார்கள். பிள்ளைகள் படிக்கக்கூட மாட்டார்கள். எல்லா ஆபீசிலும் ஒரு ஃபைலையோ பேனாவையோ பெயருக்கு வைப்பார்கள். எங்கள் சார் அறை முழுவதையும் வைத்தார்.

உறைகளை எடுத்து, ஒவ்வொரு கம்ப்யூட்டரின் கண்ணாடிக்கும் சந்தனத்தைக் குழைத்து மூன்று பட்டை இழுத்தார், நடுவில் குங்குமம். மேலே செவ்வரளி மாலை. எழுத்தடிக்கிற பலகையில் கிண்டிச் செம்பிலிருந்து தீர்த்தம் தெளித்தார். எஸ்தர் பதறிப்போய், "சார், அதுல தண்ணி படக்கூடாது" என்றாள்.

"இது தண்ணியா? தீர்த்தமாக்கும். உங்க ஆளுகளுக்கு அது மனசிலாகாது."

முன்னால் வாழையிலை போட்டு அவல், பொரி, வெல்லம், சுண்டல், பழக்குலை எல்லாம் படைத்தார். கற்பூரம் காட்டினார். படைத்ததில் ஒரு பங்கை எங்களுக்குக் கொடுத்துவிட்டு, மிச்சம் அங்கேயே இருக்கட்டும் என்று உறைகளைப் போர்த்தி, கதவைப் பூட்டிச் சாவியை மடியில் முடிந்தார். தசமியன்று காலையில் வந்து திறப்பதாகச் சொல்லி ஊருக்குப் போனார்.

தசமிக்கு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. ஊரிலிருந்து ஃபோன் வந்தது. தங்கச்சி மகள் கல்யாணக் காரியம் கொஞ்சம் இழுக்கிறது, லீவு நீட்டியிருக்கிறார். வேலை நடந்திருக்கிறதா என்று பார்க்கத் தலைமை ஆபீசிலிருந்து அதிகாரி மேடம் வருகிற தேதியும் அதற்குள் நெருங்கிவிட்டது.

எஸ்தர் எல்லோரிடமும் போய்க் கேட்டாள். பூட்டை உடைத்தாவது திறந்துவிட்டால் இராப்பகலாக உட்கார்ந்து கொஞ்சமாவது ஏற்றிவிடலாம் என்றாள். ஆபீசில் ஒரு யூனியன் தலைவர் இருந்தார். சாமி இல்லை என்று வருஷம் முழுக்கப் பேசுகிறவர். அவர் தாடியைத் தடவிக்கொண்டு, "பூஜைக்கு வச்ச சாதனம் அல்லே குட்டி. சென்சிட்டிவ் விஷயமாணு. வச்ச ஆள்தன்னே எடுக்கட்டே" என்றார். மற்றவர்களும் அதையே சொன்னார்கள். தங்கப்பன் மட்டும் ஒரு கம்பியைத் தூக்கிக்கொண்டு வந்தார். கதவு வரைக்கும் போனார். குங்குமம் இட்ட பூட்டைப் பார்த்ததும் கம்பியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

எஸ்தர் அழவில்லை. கதவு முன்னால் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். ஃபைலை மடியில் வைத்து முன்கூட்டியே வரிசைப்படுத்திக்கொண்டிருந்தாள், திறந்தவுடன் அடிக்க வசதியாக. உள்ளேயிருந்து சின்னதாகக் கீச் கீச்சென்று ஒரு சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"அக்கா, மெஷினை ஆஃப் பண்ணாமப் போயிட்டாரோ?" என்றாள்.

எனக்கு அது மெஷின் சத்தமாகத் தோன்றவில்லை.

மேடம் வந்த அன்று காலையில்தான் சார் வந்தார். குளித்து, திருநீறு பூசி, கல்யாண வீட்டு லட்டுப் பொதியோடு வந்தார். மேடம் முன்னால்தான் திறக்கவேண்டும் என்று காத்திருந்தார். மேடம் வந்ததும் தட்டில் கற்பூரத்தை ஏற்றிப் பிடித்துக்கொண்டு, "பூஜை எடுத்துட்டுத் தொடங்கலாம் மேடம்" என்று பூட்டைத் திறந்தார்.

வாடை எங்களைப் பின்னுக்குத் தள்ளியது. மேடம் சேலைத்தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டார். ஏசி ஓடாமல் அடைத்துக் கிடந்த அறை. பழக்குலை கறுத்துத் தண்ணீராக ஓடியிருந்தது, சுண்டலில் பூசணம் வெள்ளைமுடியாக முளைத்திருந்தது. இலை முழுக்க எலிப்புழுக்கை. எலி ஒயர்களைக் கடித்துத் துப்பியிருந்தது. சந்தனம் காய்ந்து கண்ணாடியில் வெடித்திருந்தது. மேடத்தோடு வந்திருந்த மெக்கானிக் ஒரு பெட்டியின் பக்கத்தகட்டைக் கழற்றினார். உள்ளே சாருடைய வெள்ளைத்துணி உறையைக் கிழித்து மெத்தையாகப் பரப்பி, அதன்மேல் கண் திறக்காத எலிக்குஞ்சுகள் ரோஸ் நிறத்தில் நெளிந்துகொண்டிருந்தன. சில செத்து உப்பியிருந்தன. அவற்றுக்கு நடுவே மீன்முள்.

மெக்கானிக் முள்ளைக் குச்சியால் தள்ளினார். "இது பூஜைச் சாமானில்லையே" என்றார்.

மேடம் வாசலில் நின்றபடி மலையாளத்தில் கேட்டார், யார் இதற்குள் உட்கார்ந்து சாப்பிட்டது என்று.

சார் கற்பூரத் தட்டை இன்னும் பிடித்துக்கொண்டிருந்தார். கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை. எஸ்தர் பக்கம் திரும்பினார்.

"இந்தக் குட்டிதான் மேடம் உள்ளே இருக்கும். எஸ்டேட்டுக்காரப் பிள்ளை, சொல்லிக்குடுக்க ஆளில்லை. இவளுக்குக் கம்ப்யூட்டரும் ஒண்ணும் தெரியாது. பாவம்னு நான் ஒண்ணும் சொல்லாம இருந்தேன்."

எஸ்தருக்கு முகம் வெளுத்துவிட்டது. ஆபீசே அங்கே நின்றது. யூனியன் தலைவர் வாட்சைப் பார்த்தார். தங்கப்பன் சுவரைப் பார்த்தார்.

நான் நாலு பேர் முன்னால் பேசியே பழகாதவள். அந்த ஆபீசில் என் குரல் எப்படி இருக்கும் என்று பாதிப்பேருக்குத் தெரியாது. எப்படியோ சொல்லிவிட்டேன்.

"சார்தான் சாப்பிடுவாரு."

"என்ன?" என்றார் மேடம். கேட்கவில்லை போலிருக்கிறது.

"சார்தான் உள்ள இருந்து சாப்பிடுவாரு. முள்ளை நான்தான் பெறக்குவேன். இந்தப் பிள்ளை என்கூட மாடிப்படியில இருந்து சாப்பிடும். இவளுக்கு எல்லாம் தெரியும். இவரு தொட விடல்ல."

சார் என்னைக் கைகாட்டிச் சிரித்தார். "பகவதிக்கு வயசாயிட்டு வருது. நம்ம ஊர்க்காரியாக்கும் மேடம், நான்தான் ஏத்திவிட்டேன்."

மேடம் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். அவருக்குப் புரிந்தது. முட்டாள் இல்லை அவர். "ம்" என்றார். பிறகு சார் பக்கம் திரும்பி, புது மெஷின் வந்தால் இங்கே பயிற்சி எடுத்த ஆள் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். சார் கற்பூரத் தட்டால் சுவரைக் காட்டினார். பிளாஸ்டிக் ஒட்டிய சர்ட்டிபிக்கேட்டுகள் வரிசையாகப் பளபளத்தன. மேடம் ஒவ்வொன்றாகப் படித்து எழுதிக்கொண்டார்.

அந்த மாதக் கடைசியில் உத்தரவு வந்தது. புதுக் கம்ப்யூட்டர்கள் வரும். நம்முடைய கிளை ஆபீஸ்களையெல்லாம் கம்ப்யூட்டருக்குத் தயார்செய்கிற பொறுப்பு சாருக்கு. இத்தனை பயிற்சி எடுத்த ஆள் வேறு எங்கும் இல்லையாம். எஸ்தரைத் தொடர்ந்து வைத்துக்கொள்ள வழியில்லை, வேலை ஒன்றும் நடந்ததாகக் காணோம்.

கடைசி நாள் அவள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டாள். கரமனை வீட்டுக்காரரிடம் வேண்டாமென்று சொல்லிவிட்டு வந்ததாக என்னிடம் சொன்னாள். மலைக்குப் போகிற பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. சாரிடம் கடைசியாகப் போனாள். நான் பக்கத்தில் பெருக்கிக்கொண்டிருந்தேன்.

அவர் நல்ல மனநிலையில் இருந்தார். வெற்றிலையைக் கடைவாயில் ஒதுக்கிக்கொண்டு, "இரு மக்களே" என்றார். "நான் உனக்கு ஒரு காரியம் வச்சிருக்கேன். வீட்டுல ஒரு கம்ப்யூட்டர் வாங்கியாச்சு. மோளு ராவும் பகலும் அதுமேலதான் கெடக்கா. சோத்துக் கையோட அடிப்பா. ஆனா முறையாப் படிக்கல்ல. நீ ஞாயித்துக்கிழமை தோறும் வந்து அவளுக்குச் சொல்லிக்குடு. உன்னை மாதிரி தெரிஞ்ச ஆளு கிடைக்காது."

எஸ்தர் பையைக் கீழே வைத்தாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நீங்கதானே சார் மேடம்கிட்ட சொன்னீங்க?"

அவர் வெட்கப்படவில்லை. கோபப்படவும் இல்லை. பிள்ளைகள் ஏதாவது விவரமில்லாமல் கேட்டால் பெரியவர்கள் சிரிப்பார்களே, அப்படிச் சிரித்தார்.

"அது ஆபீஸ் காரியம் அல்லவா மக்களே! இது வீட்டுக் காரியம்."

அவள் பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் படியிறங்கினாள். திரும்பிப் பார்க்கவில்லை. அவள் காலடிச் சத்தம் சந்துமுனை வரை கேட்டது.

சார் ஜன்னல் வழியாக அவள் போவதைப் பார்த்தார். அவர் முகம் வாடிவிட்டது. உண்மையாகவே வாடிவிட்டது.

"பாத்தியா பகவதி" என்றார். "பாவப்பட்ட பிள்ளை, ஏதாவது ஒரு வழி காட்டுவோம்னு நெனச்சேன். இந்தக் காலத்துல ஒருத்தருக்கும் நல்லது செய்யப்பிடாது, கேட்டியா?"

அதை அவர் நடிப்புக்காகச் சொல்லவில்லை. மனதாரச் சொன்னார். அந்த மீன்முள்ளையும் எலிக்குஞ்சையும்கூட நான் கழுவித் தள்ளி மறந்திருப்பேன். அவர் கண்ணில் அன்று தெரிந்த அந்த வருத்தத்தை நினைத்தால்தான் எனக்கு இன்றும் குமட்டிக்கொண்டு வருகிறது.